செல்வின் சொன்ன இரண்டு பொய்கள்

அந்த மின்விசிறியை மடியில் வைத்துக்கொண்டு திசையன்விளை வரைக்கும் உட்கார முடியாது சார். இப்படி என் கால் பக்கம் சாய்த்து வையுங்கள். நீளமான கால்தான், ஆனால் இடம் விடத் தெரிந்த கால். இறக்கை மூன்றையும் தனியாகக் கட்டியிருக்கிறார்களா? நல்லது. யாருக்கு, தங்கை வீட்டுக்கா? தங்கைக்கு மின்விசிறி தூக்கிக்கொண்டு வெயிலில் பஸ் ஏறுகிறவர் என்றால் நம்பி ஒரு விஷயம் கேட்கலாம்.

இன்றைக்கு நான்கு மணிக்கு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். செத்துப்போன ஒருவனைப் பற்றி. அவன் பொய் சொல்லாதவன் என்று கல்லில் வெட்டித் திறக்கப்போகிறார்கள். அந்தக் கல்லுக்கு நான் சாட்சி. சிக்கல் என்னவென்றால், எந்தச் சம்பவத்துக்காக அந்தக் கல்லை வைக்கிறார்களோ, அந்தச் சம்பவத்தில் அவன் சொன்னதே பொய். இது எனக்கு மட்டும்தான் தெரியும். மேடையில் சொல்லலாமா, கூடாதா? கேள்வி இவ்வளவுதான்.

பொறுங்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். உடனே பதில் சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை கிடையாது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் பெயர் ஆவுடையப்பன். ஒரு வங்கியில் முப்பத்தேழு வருடம் இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றேன். எந்த வங்கி என்பது வேண்டாம். முதல் பதினான்கு வருடம் அங்கே நான் பார்த்த வேலை வாலிபால். ஆமாம், வாலிபால்தான். விளையாட்டு ஒதுக்கீடு என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அது. பதவி எழுத்தர், பணி, வலைக்கு நடுவில் நின்று எதிராளி அடிக்கிற பந்தைக் கையை உயர்த்தித் தடுப்பது. காலையில் கையெழுத்து. மதியம் வரை கிளையில் ஏதாவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். மூன்றரைக்கு மைதானம். ஆறு மணிக்கு வேலை முடிந்தது.

வேலை என்று நான் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். எனக்கு அந்த ஆட்டத்தின்மேல் பிரியமும் கிடையாது, பகையும் கிடையாது. ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்தேன், அந்த உயரத்துக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொடமாட்டேன். வீட்டில் பந்து கிடையாது. என் பையன் ஆறு வயதில், "அப்பா, எனக்குச் சொல்லித் தாங்கப்பா" என்றான். "இன்னைக்கு லீவுடா" என்றேன். நியாயமான பதில்தானே? தபால்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காக நாலு வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோய்ப் போடுவாரா?

இதை இழிவாகவும் நினைக்கக் கூடாது. இந்த ஆட்டம் பிறந்த கதை உங்களுக்குத் தெரியுமா? நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர், நாற்காலியில் உட்கார்ந்தே தொப்பை போட்ட வியாபாரிகள் மூச்சு வாங்காமல் ஆடட்டும் என்று கண்டுபிடித்தது. ஆபீஸ்காரர்களுக்காகவே உண்டான ஆட்டம். அதை ஆபீஸ் வேலையாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த வகையில் மரபைக் காப்பாற்றியவன் நான்.

கோமதி, என் மனைவி, ஒரே ஒரு முறை மேட்ச் பார்க்க வந்தாள். நாங்கள் ஜெயித்தோம். திரும்பும்போது கேட்டாள், "எல்லாரும் குதிக்காங்க, கட்டிப் பிடிக்காங்க. நீங்க மட்டும் ஏன் பஸ்ஸுக்கு நிக்க மாதிரி நிக்கிய?" ரயில் ஓட்டுகிறவர் ஒவ்வொரு ஸ்டேஷன் வந்ததும் இறங்கிக் குதிக்கிறாரா என்று கேட்டேன். அவள் அப்புறம் வரவில்லை.

இப்போது அவள் ஓசூரில், பையன் வீட்டில். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. மூன்று வருடம் ஆகிறது. நான் பாளையங்கோட்டையில். வீடு நிறையப் புத்தகம், தெருமுனையில் மெஸ். தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். மெஸ்காரர் நான் உட்கார்ந்ததும் கேட்காமலே இலையைப் போட்டுவிடுவார். என்னிடம் அவர் கடைசியாக ஒரு முழு வாக்கியம் பேசியது பொங்கலுக்கு. அவ்வளவு பழக்கம்.

சரி, செல்வினுக்கு வருகிறேன். அவன்தான் கல்லுக்கு உரியவன். எங்கள் அணியின் செட்டர். செட்டர் என்றால், அடிக்கிறவன் அடிப்பதற்குத் தோதாகப் பந்தை வலையோரம் தூக்கிக் கொடுக்கிறவன். கைதட்டல் அடிக்கிறவனுக்கு, கை வலி இவனுக்கு. இந்தப் பக்கத்துக்காரன்தான், திசையன்விளைக்கு இந்தப் பக்கம் அவன் ஊர். நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பதினான்கு வருடம் ஒரே வலைக்கு முன்னால் நின்றோம். முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி அடுத்த பந்து எங்கே, எவ்வளவு உயரம் என்று சொல்வான். ஒரு விரல் என்றால் எனக்கு, குட்டையாக. அந்த விரல் பாஷையில் எங்களுக்குள் ஒரு நாளும் பிழை வந்ததில்லை. வாயால் பேசியது குறைவு.

நான்தான் குறைவு. அவன் நிறையப் பேசுவான். பந்தோடுகூடப் பேசுவான். கையில் வாங்கி இரண்டு தட்டுத் தட்டி, "வா என் ராசாத்தி, இந்தத் தடவை ஆவுடைகிட்டப் போ" என்பான். பைத்தியக்காரத்தனம். ஷூ கட்டும்போது சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டை விசிலடிப்பான். ஜெயித்தால் முழங்காலில் நின்று தரையைத் தொட்டு முத்தம். என் பக்கம் வந்து, "ஏலே ஆவுடை, ஜெயிச்சிருக்கோம்லே. பல்லைக் காட்டுனா கொட்டியா போவும்?" என்பான். நான் மணி பார்ப்பேன்.

வீட்டுக்குக் கூப்பிடுவான். மகளுக்கு ஞானஸ்நானம் என்றான், வீடு கட்டிக் குடிபோகிறேன் என்றான், வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வா என்றான். போனதில்லை. விரோதம் ஒன்றும் இல்லை. ஆபீஸ் ஆட்களோடு ஆபீஸுக்கு வெளியே பழகுவதில்லை என்று ஒரு கொள்கை. "சோலி இல்லாத நாளுக்கு வான்னா, சோலி இல்லையே எப்படி வரன்னு கேப்பான் இவன்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். என்னைக் கேலி செய்ததில் தர்க்கம் சரியாக இருந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

இப்போது அந்த மேட்ச். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், ஈரோட்டில், ஜவுளிக்காரர்கள் நடத்திய கோப்பை. இறுதி ஆட்டம், எங்களுக்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனி அணிக்கும். இரண்டாயிரம் பேர் கூட்டம். அந்த வருடம் வங்கியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, வாலிபால் அணி தேவையா என்று. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கேப்டன் துரைக்கண்ணு ஆட்டத்துக்கு முன்னால் சொன்னார், "கப்போட போனா டீம் இருக்கும்ப்பா. வெறுங்கையோட போனா திங்கக்கெழமை எல்லாருக்கும் கவுண்டர் வேலைதான்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஐந்தாவது செட். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் பதினைந்து எடுத்தால் முடிந்தது. நாங்கள் பதினான்கு, அவர்கள் பதின்மூன்று. அவர்களுடைய இடது பக்கத்து ஆள் எழுந்தான், பெரிய கை. நானும் செல்வினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குதித்தோம். அவனுடைய இடது கை, என்னுடைய வலது கை, நடுவில் நான்கு விரற்கடை. பந்து எங்கள் கைகளுக்கு மேலே போய்ப் பின்கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழுந்தது. விசில். பந்து வெளியே, எங்களுக்குப் புள்ளி. பதினைந்துக்குப் பதின்மூன்று. ஜெயித்துவிட்டோம்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. வெளியே போகிற பந்து தடுக்கிறவன் கையில் லேசாக உரசிவிட்டுப் போயிருந்தால் புள்ளி அடித்தவனுக்கு. உரசியதை நடுவர் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் உரசவில்லை. சிலர் தாங்களே கையைத் தூக்கி, என் கையில் பட்டது என்று ஒப்புக்கொள்வார்கள். கூட்டம் கைதட்டும். நான் பதினான்கு வருடத்தில் ஒரு தடவையும் தூக்கியதில்லை. அதைப் பார்ப்பதற்கு மேலே ஒரு நடுவர், கீழே ஒரு நடுவர், கோட்டுக்கு நான்கு பேர், அத்தனை பேரையும் நியமித்திருக்கிறார்கள். அவர்கள் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்? அது அத்துமீறல். இன்றைக்கும் அதுதான் என் கருத்து. இப்போது பெரிய ஆட்டங்களில் கேமராவே வைத்துவிட்டார்கள், என் கட்சிக்குப் பலம்.

எங்கள் ஆட்கள் குதிக்கிறார்கள். துரைக்கண்ணு தரையில் உருளுகிறார். அதிகாரி எழுந்து கைதட்டுகிறார். செல்வின் மட்டும் குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு நடுவர் நிற்கிற மேடைக்கு நடந்து போனான். கையைத் தூக்கினான். "சார், டச். என் விரல்ல பட்டுச்சு."

புள்ளி போயிற்று. பதினான்குக்குப் பதினான்கு. அடுத்த இரண்டு பந்தும் அவர்களுக்கு. தோற்றுவிட்டோம்.

கைதட்டினார்களா என்றா கேட்கிறீர்கள்? இரண்டாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். கோப்பை வாங்கிய அணிக்குக்கூட அவ்வளவு இல்லை. மறுநாள் பேப்பரில் படம். அந்தப் பேப்பர்தான் அவன் மகள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதாம்.

ஆனால் செல்வின் விரலில் படவில்லை.

எப்படித் தெரியும் என்கிறீர்கள். பட்டது என் விரலில். இதோ, வலது கைச் சுண்டுவிரல். மேல் கணுவில்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் ஒளிக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. தர்க்கம் படித்த யாரும் ஒப்புக்கொள்வார்கள். பொய் சொன்னவன் செல்வின். "என் விரல்" என்றான் பாருங்கள், அந்த "என்" பொய். இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டியது ஒரு பொய்க்கு. இதுதான் என் மனத்தாங்கல், இருபத்து மூன்று வருடமாக. என் விரலை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள இவன் யார்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

கேட்கவில்லை என்று சொன்னேன். முழுக்கச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், நடுவரிடம் போவதற்கு முன்னால் அவன் என்னைப் பார்த்தான். இரண்டு விநாடி இருக்கும். இரண்டு விநாடி என்பது வாலிபாலில் பெரிய நேரம், பந்து இரண்டு தடவை வலையைத் தாண்டிவிடும். அவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். பதினைந்து என்று எழுதிவிட்டார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவன் நடந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே வேனில் கிளம்பினோம். யாரும் அவனோடு பேசவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் சூட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். துரைக்கண்ணு பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். "நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வரும். வெட்டி வச்சுக்கப்பா. சோத்துக்குத் தொட்டுக்கிடலாம்." செல்வின் திரும்பவே இல்லை. "நாங்கள்லாம் புள்ளகுட்டிக்காரங்கப்பா. உனக்கு மட்டும் எங்கேர்ந்து வருது இவ்ளோ யோக்கியம்?" நான் இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். ஒரு புத்தகம் வைத்திருந்தேன். படிக்க வெளிச்சம் போதவில்லை, மூடிவிட்டேன்.

பவானியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினோம். செல்வின் எதிரே ஜூஸ் கடைக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் வாங்கி வந்து என்னிடம் நீட்டினான். "வெரல்ல வை. வீங்கிட்டு வருது பாரு." அப்போதுதான் நானே பார்த்தேன், சுண்டுவிரல் கத்திரிக்காய் மாதிரி ஆகியிருந்தது. துரைக்கண்ணு டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தார். "என்னய்யா விரலுக்கு?" என்றார்.

"வேன் கதவுல நசுங்கிருச்சு" என்றேன்.

சரி. இது ஒன்று இருக்கிறது. கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் இது, அதனால் முன்னால் சொன்ன தர்க்கம் இதற்குப் பொருந்தாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துரைக்கண்ணு நம்பாத மாதிரி செல்வினைப் பார்த்தார். செல்வின் சிரித்தான். அன்றைக்கு முழுவதும் அவன் சிரித்தது அப்போது மட்டும்தான். "ஆமா, கதவுதான். நானும் பாத்தேன்" என்றான்.

ஒரே நாளில் இரண்டு பொய் பாருங்கள். உண்மை பேசுகிறவன் என்று கல் வைக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்து அணியைக் கலைத்துச் சுற்றறிக்கை வந்தது. நிர்வாகக் காரணங்கள் என்று போட்டிருந்தது. அந்தக் கோப்பை வந்திருந்தால் கலைத்திருக்கமாட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது, ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். செல்வினைக் கேன்டீனில் கண்டால் எழுந்து வேறு மேஜைக்குப் போவார்கள். நானும் போனேன். கூட இருக்கிறவர்கள் எழுந்தால் நாமும் எழுவது ஒரு நாகரிகம். ஒரு வருடம் தாங்கினான், பிறகு அவனே கேட்டு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

எனக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவு, அவ்வளவுதான். மேஜை வேலையில் மழை கிடையாது, முட்டி வலி கிடையாது. பழக்கதோஷம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. மூன்றரை மணி ஆனால் கால் தானாக எழுந்து நின்றுவிடும். எதிரே வாடிக்கையாளர் பயந்து, "என்ன சார்?" என்பார். ஒன்றுமில்லை என்று உட்காருவேன். கொஞ்ச நாள் என்றா சொன்னேன்? ஆறேழு வருடம் இருக்கும். மருத்துவக் காரணம் ஏதாவது இருக்கும்.

செல்வின் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை அனுப்புவான். "வாழ்த்துக்கள்" என்று எழுதுவான். "வாழ்த்துகள்" என்பதுதான் சரி. இருபத்திரண்டு வருடமும் அதே பிழை. நான் ஒரு தடவையும் சுட்டிக்காட்டவில்லை. பதில் எழுதினால்தானே சுட்டிக்காட்ட முடியும். அட்டைகள் இருக்கின்றன, இருபத்திரண்டும். தேதி வாரியாக வைத்திருக்கிறேன், ஒரு பிழை எப்படி நிலைபெறுகிறது என்பதற்கு உதாரணமாக.

போன ஈஸ்டருக்கு மறுவாரம் இறந்துபோனான். சிறுநீரகம். செய்தி கைபேசியில் வந்தது. அன்றைக்கு எனக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். கடைவாய்ப்பல். முக்கியமான பல்தான்.

அவன் மகள் பெயர் பியூலா. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே உடற்கல்வி ஆசிரியை. அப்பா பெயரில் ஒரு வாலிபால் மைதானம் போட்டிருக்கிறாள். பத்து நாள் முன்னால் எனக்குப் போன் செய்தாள். நான் அவளைப் பார்த்தது ஒரே தடவை, அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பயிற்சி மைதானத்தில். "மாமா, நீங்கதான் அன்னைக்கு அப்பா பக்கத்துல நின்னிய. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும்" என்றாள். நான் அவளுக்கு மாமா ஆவதற்கு எந்த உறவு வழியும் இல்லை. ஆனாலும் மாமா என்றாள். அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறான்.

கல்லில் வெட்டுவதற்கு முன்னால் வாசகத்தை எனக்கு அனுப்பினாள், பிழை பார்க்கச் சொல்லி. நான் பிழை பார்ப்பேன் என்று அவளுக்கு யார் சொன்னது? "தன் விரலில் பட்டதைத் தானே சொல்லி வெற்றியைத் துறந்தவர்" என்று இருந்தது. இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை. திருத்தி அனுப்பினேன். மூன்றாவது பிழையைத் திருத்தவில்லை. அந்தத் "தன்" இருக்கிறதே, அது. அது இப்போது கருங்கல்லில் இருக்கிறது, துணி போர்த்தி.

இப்போது சிக்கல் புரிகிறதா? சொல்லாமல் விட்டால் ஒரு பிழையான கல்லுக்கு நான் சாட்சி. என் வாழ்நாளில் ஒரு பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போனதில்லை. சொன்னால், அந்தப் பெண் சுவரில் மாட்டிவைத்திருக்கிற அப்பாவை நான் கீழே இறக்குகிறேன், பிள்ளைகள் முன்னால். அதற்காகத்தான் தயங்குகிறேன். எனக்காக என்றா? எனக்கு என்ன. நான் ஓய்வு பெற்றவன். என்னை என்ன செய்வார்கள்?

ஒரு நிமிடம், போன் அடிக்கிறது. அவள்தான்.

சொல்லும்மா… ஆமா, இட்டமொழி தாண்டியாச்சு… வேண்டாம், ஸ்கூட்டர் எல்லாம் வேண்டாம், ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி நடந்தே வந்துவிடுவேன்… ஐந்து நிமிடம் போதும்மா, அதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியாது… என்னது?… எப்போது சொன்னான்?… அவனே சொன்னானா? அப்படியேவா?… சரி… சரிம்மா. வைக்கிறேன்.

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுகிறீர்களா. புழுக்கமாக இருக்கிறது.

ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பியூலா அவனிடம் கேட்டிருக்கிறாள், அந்த மேட்ச் கதையை ஒரு தடவை முழுசாகச் சொல்லுங்கள் அப்பா, எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று. அவன் சொல்லவில்லை. "அத ஆவுடை வந்து சொல்லட்டும்" என்றானாம். "அன்னைக்கு நான்தான் அவசரப்பட்டு முந்திக்கிட்டேன். இன்னும் கொஞ்சம் நின்னுருந்தா அவனே நடந்து போயிருப்பான். அவன் எதையும் லேட்டாத்தான் சொல்லுவான். ஆனா பிழையில்லாமச் சொல்லுவான்." அப்பா என்ன சொல்லுதாவன்னு எனக்குப் புரியல மாமா, நீங்க வந்து சொல்லுங்க என்கிறாள்.

நடந்து போயிருப்பேனாம்.

போயிருக்கமாட்டேன் சார். இரண்டு விநாடி இல்லை, இரண்டு மணி நேரம் நின்றிருந்தாலும் போயிருக்கமாட்டேன். பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பதினான்கு வருடம் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான், மகளிடம். ஆக அவன் சொன்ன பொய் இரண்டு இல்லை, மூன்று. இந்த மூன்றாவதுதான் பெரியது. இது பொய்யா இல்லையா என்பதைக்கூட நாலு மணி வரைக்கும் சொல்ல முடியாதபடி விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். கேள்வியை நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன். கல்லில் இருக்கிற விரல் யாருடையது என்பதில்லை கேள்வி. நான் போய் நின்று, என் கையில்தான் பட்டது, அவன் பார்த்தான், நான் பார்க்காத மாதிரி நின்றேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் வேண்டியதில்லை, அரை நிமிடம் போதும். மிச்ச நாலரை நிமிடம் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவனைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் தெரியாதே. அவனுக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்றுகூடத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் அவன் காட்டுகிற விரல் மட்டும்தான் தெரியும்.

ஒன்று கேட்டால் தப்பாக நினைக்கமாட்டீர்களே. நீங்களும் என்னோடு இறங்கினால் என்ன? விலக்கிலிருந்து ஐந்து நிமிட நடைதான். பேச வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். இதை நான் வாய்விட்டுச் சொன்னதே இப்போதுதான், உங்களிடம். அதே முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால் இரண்டாவது தடவையும் வந்துவிடும் என்று தோன்றுகிறது. டீ தருவார்கள், கேக் இருக்கும். உங்கள் சாமானை நான் தூக்கிக்கொள்கிறேன். அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, அடுத்ததில் ஏற்றிவிடுகிறேன்.

இல்லையா. ஆமாம், தங்கை காத்திருப்பார்கள். இல்லை இல்லை, நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள், நியாயம்தான். நானாக இருந்தாலும் வந்திருக்கமாட்டேன். என்னை எத்தனை தடவை கூப்பிட்டான்.

கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள், நான் வெளியே வந்துவிடுகிறேன். தலை இடிக்காமல் நிற்க எனக்குத் தெரியும்.

ஸ்கூல் விலக்குதான் கண்டக்டர், நிறுத்துங்க. இல்லை, அவர் திசையன்விளை. இறங்குறது நான் ஒருத்தன்தான்.